ஹெல்மெட் போட்டுத் தின்ற திருவிழா

எங்கள் தொழிற்சாலையில் ஒரே இயந்திரத்துக்கு வருடத்தில் இரண்டு முறை பொட்டு வைப்போம். வடக்கிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் விஸ்வகர்மா பூஜை கேட்பார்கள். அது முடிந்து மாலை வாடுவதற்குள் உள்ளூர்க்காரர்கள் ஆயுத பூஜை கேட்பார்கள். இரண்டுக்கும் பொரி, இரண்டுக்கும் பூசணிக்காய், இரண்டுக்கும் விடுமுறை. பொரியும் பூசணிக்காயும் எங்கள் பொது மேலாளருக்கு உறுத்தவில்லை. விடுமுறைதான் உறுத்தியது.

போன வருடம் அவர் ஒரு சமரச வழி கண்டுபிடித்தார். இரண்டு விடுமுறைகளுக்கும் பதிலாக, இரண்டு பூஜைகளுக்கும் இடையில் வரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லா மாநிலத்துச் சாப்பாட்டையும் வைத்து மைதானத்தில் ஒரு திருவிழாச் சந்தை. குடும்பத்தோடு வரலாம், சுற்று வட்டார கிராமத்து மக்களும் வரலாம். "ஒற்றுமைக்கு ஒற்றுமையும் ஆச்சு, ஞாயித்துக்கிழமைங்கறதால லீவும் மிச்சம்" என்று கூட்டத்தில் சொன்னார். அவர் நல்ல மனிதர்தான். மனதில் இருப்பதை மறைக்கத் தெரியாது, அவ்வளவுதான்.

நான் அங்கே சேஃப்டி ஆபீசர். ஆலைக்குள் யாருக்கும் அடிபடாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. கடம்பத்தூர் பக்கம் எங்கள் ஊரில் அப்பா இதைப் 'பாதுகாப்பு அதிகாரி' என்று மொழிபெயர்த்துச் சொல்லிவைத்திருக்கிறார். அதனால் ஊர்க்காரர்கள் நான் கும்மிடிப்பூண்டியில் வாட்ச்மேனாக இருப்பதாகவே நம்புகிறார்கள். அறுவடைக்கு ஊருக்குப் போனால், "நைட் டியூட்டியாப்பா?" என்று பரிவோடு விசாரிப்பார்கள்.

கூட்டத்தில் மேலாளர் என்னைப் பார்த்துத் திரும்பினார்.

"சாப்பாட்டையெல்லாம் நீங்கதான் டேஸ்ட் பண்ணி ஓகே சொல்லணும்."

"சார், நான் கிரேன் கொக்கி, கேஸ் சிலிண்டர் இதெல்லாம்தான் செக் பண்ணுவேன்."

"தீயணைப்பான் காலாவதி ஆயிடுச்சான்னு பாக்கத் தெரியுது இல்ல? தயிர் காலாவதியும் அதே மாதிரிதான்."

என் நோட்டில் 'ஸ்பூன் வாங்கவேண்டும்' என்று குறித்துக்கொண்டேன்.

அடுத்தது யார் எந்தக் கடை என்ற பிரச்சினை. மேலாளர் கொள்கை எளிமையானது: அவரவர் மாநிலத்துப் பண்டத்தை அவரவர் செய்யவேண்டும். மாநிலப் பெயர் போட்ட பேனர்கள் அச்சடித்து வந்துவிட்டன. பீகார்க்காரர்களைக் கூப்பிட்டார். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு உருக்குப் பிரிவிலிருந்த ஒருவர் எழுந்து, தெளிவான தமிழில், "எங்களுக்கு ஆக்கத் தெரியாது சார். அக்காதான் ஆக்கும்" என்றார்.

அக்கா என்பது எங்கள் ஆலை வாசலுக்கு எதிரே மெஸ் நடத்துபவர். கவரைப்பேட்டைப் பக்கத்துக்காரர். அவருடைய பெற்றோர் வயல் கூலிகள். அவர் கணவர் இரும்புக் கம்பி ஆலையில் வேலை செய்கிறார். மெஸ் சுவரில் ஏசு படம், அதற்குக் கீழே அடுப்பு, அடுப்பைச் சுற்றிப் பீகார். முதலில் அவர் சாம்பார் சோறுதான் போட்டிருக்கிறார். "சாம்பாரப் பாத்தாலே மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கினு எய்ந்து போயிடுவானுங்க சார். மெலிஞ்சி கழி மாதிரி ஆயிட்டானுங்க. எனக்கே பேஜாராப் போச்சு" என்று அவர் என்னிடம் சொன்னார். கடைசியில் ஒருவனுடைய அம்மாவிடம் வீடியோ காலில் பேசி அவர்கள் ஊர் லிட்டி உருண்டை செய்யக் கற்றுக்கொண்டாராம். அந்த அம்மா போஜ்புரியில் சொல்ல, இவர் தமிழில் கேட்க, ஒரு சொல்கூட இருவருக்கும் புரியாமல் முழுச் சமையலும் முடிந்திருக்கிறது. இப்போதும் இருவரும் வாரம் தவறாமல் பேசிக்கொள்கிறார்கள். என்ன பேசுவார்கள் என்று கேட்டேன். "அது அவுங்க மருமவளப் பத்தி கொற சொல்லும், நான் எங்க ஊட்டுக்காரரப் பத்தி சொல்லுவேன்" என்றார்.

ஆக, பீகார்க் கடை கவரைப்பேட்டைக்குப் போயிற்று.

ஒடிசாவுக்கு ஆள் கேட்டபோது எல்லோரும் கேன்டீன் மாஸ்டரைக் கைகாட்டினார்கள். அவர் கஞ்சம் மாவட்டத்துக்காரர். சின்ன வயதிலேயே தமிழ்நாட்டுக்கு வந்து, நெடுஞ்சாலை ஓட்டல்களில் தோசைக் கல்லின் முன்னாலேயே வளர்ந்தவர்.

"சார், ஒடியா சாப்பாடு எனக்கு இன்னா தெரியும்? அது எங்கம்மா செய்யும், நான் துன்னுவேன். என்னாண்ட தோசை கேளு, ஊத்தப்பம் கேளு, ரவா கேளு. மெல்லிசா, ஓட்டை ஓட்டையா, பேப்பர் மாதிரி போடறேன்."

அவருக்குத் தமிழ்நாட்டு பேனரைக் கொடுக்க வேண்டியதாயிற்று. ஒடிசா பேனர் அனாதையாகக் கிடந்தது. அச்சடித்ததை வீணாக்க மேலாளருக்கு மனமில்லை; அதைக் கட்டி, அதன் கீழே குடிதண்ணீர் கேன்களை வைக்கச் சொன்னார். அன்று பலர் அங்கே குடித்துவிட்டு, ஒடிசாத் தண்ணீர் நன்றாக இருப்பதாகப் பேசிக்கொண்டார்கள்.

அப்போது எங்கள் ஆலையில் ஒரு புதிய பிரஸ் இயந்திரத்தைப் பொருத்தக் கொரியாவிலிருந்து ஒரு பொறியாளர் வந்திருந்தார். அவரையும் சேர்த்தால் திருவிழா சர்வதேசத் திருவிழா ஆகிவிடும் என்று மேலாளர் கணக்குப் போட்டார். அந்த மனிதருக்குச் சமைக்கத் தெரியாது. மாலை நேரத்தில் பஸ் நிலையத்தருகே வடகறி சாப்பிடுவதுதான் அவருக்குச் சமையலோடு இருந்த ஒரே தொடர்பு. ஆனாலும் பொறியாளர் அல்லவா, தங்கள் ஊர்த் தெருக்களில் விற்கும் ஒரு பண்டத்தை அளவுகளோடு வரைபடமாக வரைந்து கேன்டீன் பெண்களிடம் கொடுத்தார். அரிசி மாவில் செய்த சிறிய உருளைகள், விட்டம் இவ்வளவு, நீளம் இவ்வளவு, மேலே சிவப்பாகக் காரக் குழம்பு. பெண்கள் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

"அட, இது கார அம்மிணிக் கொழுக்கட்டைதான். உருட்டாம நீட்டி வுட்டிருக்கான்" என்று ஒருவர் சொன்னார். அத்துடன் கொரியா முடிந்தது.

ஆந்திரா மட்டும்தான் உண்மையிலேயே ஆந்திரா. சூளூர்ப்பேட்டையிலிருந்து தினமும் ரயிலில் வரும் எலக்ட்ரீஷியன் ஒருவர், தன் மாமனாருக்கு மிளகாய் பஜ்ஜி வண்டி இருப்பதாகவும், அதை மினி லாரியில் ஏற்றிக் கொண்டுவந்துவிடுவதாகவும் சொன்னார். மேலாளர் கண் கலங்கிவிட்டார். "இவர்தான்யா ஒழுங்கு" என்றார்.

இதெல்லாம் ஒரு பக்கம் இருக்க, என் பங்குக்கு நானும் ஒரு குழப்பத்தைச் சேர்த்தேன். மைதானம் ஆலைச் சுவருக்கு உள்ளே இருந்தது. சுவருக்கு உள்ளே யார் வந்தாலும் ஹெல்மெட் போடவேண்டும். இது என் விதி அல்ல, தலைமை அலுவலகத்தின் விதி. விலக்கு கேட்டு எழுதினேன். 'விதியில் சாப்பாட்டுக்கு விலக்கு இல்லை' என்று பதில் வந்தது. ஆகவே வாசலில் ஒரு மேசை போட்டு, உள்ளே வரும் ஒவ்வொருவருக்கும் ஒரு மஞ்சள் ஹெல்மெட் கொடுத்தோம். இருந்ததெல்லாம் போதாமல் பக்கத்து ஆலைகளிடமும் இரவல் வாங்கினோம்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே என் ருசிப் பரிசோதனை தொடங்கியது. ஹெல்மெட், ஒளிரும் மேலங்கி, பாதுகாப்புக் காலணி, கையில் ஸ்பூன். அக்கா கரியடுப்பில் லிட்டிகளைப் புரட்டிக்கொண்டிருந்தார். பொட்டுக்கடலை மாவு போலிருக்கும் 'சத்தூ' என்ற வடக்கத்தி மாவில் பூண்டும் ஓமமும் ஊறுகாய் எண்ணெயும் சேர்த்துப் பிசைந்து, கோதுமை உருண்டைக்குள் அடைத்து, சாம்பல் ஒட்டச் சுட்டு, துடைத்து, உடைத்து, நெய்யில் முக்கிக் கொடுத்தார். கூடவே சுட்ட கத்தரிக்காயை மசித்த சோக்கா. வாயில் வைத்தால் முதலில் புகை, பிறகு நெய், பிறகு கடைசியாக, யாரும் எதிர்பார்க்காமல், எலுமிச்சை. நான் கண்ணை மூடி நின்றேன்.

"இன்னா சார், ஓகேவா?"

"இன்னொன்னு பாத்துத்தான் சொல்ல முடியும்" என்றேன்.

மாஸ்டரின் தோசையைச் சூரியனுக்கு எதிரே பிடித்தால் அடுத்த கடை தெரிந்தது. வடசென்னையிலிருந்து வந்த ஒரு பர்மாக்காரக் குடும்பம் அத்தோ கடை போட்டிருந்தது. மஞ்சள் நூடுல்ஸில் வறுத்த வெங்காயமும் புளித்தண்ணீரும் சேர்த்து, கையாலேயே பிசைந்து கொடுத்தார்கள்; கூடவே குடிக்க வாழைத்தண்டு சூப். வங்காளக் கடையில் ஜால்முடி: பொரியில் கடுகெண்ணெய், பச்சைமிளகாய், வெள்ளரி, தேங்காய்ப் பல். பொரியைக் கலக்கக் கொண்டுவந்த டப்பா உடைந்துவிட்டதால், அந்தக் கடைக்காரர் ஒரு புது ஹெல்மெட்டை மல்லாத்தி அதில் குலுக்கிக்கொண்டிருந்தார். நான் பார்த்துவிட்டதும் மிரண்டு நின்றார். ஹெல்மெட்டைத் தலையில் போடாதது தவறு என்று விதியில் இருந்தது. அதில் பொரி கலக்கக்கூடாது என்று எங்கும் இல்லை. "கழுவினதா?" என்று மட்டும் கேட்டேன்.

பகல் ஏற ஏறக் கூட்டம் சேர்ந்தது. நூற்றுக்கணக்கான மஞ்சள் தலைகள் வெயிலில் அசைய, மைதானம் சாமந்தித் தோட்டம் பூத்தது போல இருந்தது. பானிபூரி கடையில்தான் சிரமம். பூரியை வாயில் போட அண்ணாந்தால் ஹெல்மெட் பின்னால் சரியும், அதைப் பிடிக்கக் கையை எடுத்தால் பூரி உடையும். கைக்குழந்தைகளுக்கு ஏற்ற அளவில் ஹெல்மெட் இல்லை. அவர்களை விட்டுவிடலாம் என்று நானே தீர்மானித்தேன்.

மதியத்துக்கு முன் என் மனைவி வந்தாள். அவள் பள்ளிப்பட்டுக்காரி, பாதி தமிழும் பாதி தெலுங்குமாக வளர்ந்தவள். பட்டுச்சேலையும் தலை நிறையக் கனகாம்பரமுமாக வந்தவளிடம் வாசலில் ஹெல்மெட்டை நீட்டினார்கள்.

"பூவைக் கழட்டணுமா, தலையக் கழட்டணுமா?" என்று என்னைக் கேட்டாள்.

"விதி அப்படி."

"உங்க ரூல்ஸு போட்டவங்க ஊட்டுப் பொம்பளைங்க பூ வெக்கமாட்டாங்களா?"

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சேஃப்டி ஆபீசரின் மனைவியே ஹெல்மெட் இல்லாமல் போனால் என் பிழைப்பு என்ன ஆவது? கடைசியில் கொண்டைக்குக் கீழே பூ தொங்க, உச்சியில் மட்டும் ஹெல்மெட்டை உட்காரவைத்துக்கொண்டு, ஒரு மகாராணியைப் போல உள்ளே போனாள். நேராக ஆந்திரக் கடைக்குத்தான் போனாள்.

பஜ்ஜிக்காரர் அங்கேயே மிளகாய் வறுத்துப் பொடித்து, பஜ்ஜியைக் கீறி உள்ளே வெங்காயத்தோடு அடைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். மனைவி ஒன்று தின்றாள். யோசித்தாள். இன்னொன்று தின்றாள்.

"நைனா, பொடி பச்ச வாசன அடிக்குது."

"சரியாத்தானேம்மா வறுத்தேன்."

"பத்தாது. மிளகா கறுக்கணும். கல்லு நல்லாக் காயட்டும், மொத்தமாக் கொட்டு. எங்க ஊர்ல அப்படித்தான்."

நான் பத்தடி தள்ளி, பானிபூரித் தண்ணீரின் நிறத்தைப் பரிசோதித்துக்கொண்டிருந்தேன். அவள் குரல் கேட்டது. அதன் பொருள் எனக்கு எட்டவில்லை. பஜ்ஜிக்காரர் கூடையிலிருந்த காய்ந்த மிளகாய் அத்தனையையும் காய்ந்த கல்லில் கொட்டினார்.

முதலில் ஒருவர் தும்மினார். பிறகு ஒரு வரிசை தும்மியது. காற்று கடல் பக்கத்திலிருந்து வீசிக்கொண்டிருந்ததால், சிவந்த அந்தப் புகை மெல்ல எழுந்து, ஒலிபெருக்கிக்கு மின்சாரம் இழுப்பதற்காகக் கதவு திறந்திருந்த பெயின்ட் ஷெட்டுக்குள் ஒரு விருந்தாளியைப் போல நுழைந்தது. அங்கே புகையைக் கண்டால் கூவும் கருவி இருந்தது. நானே போராடி வாங்கி மாட்டியது. அது தன் கடமையைச் செய்தது. ஆலை முழுக்கச் சங்கு அலறியது.

சங்கு ஊதினால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு, மேற்குச் சுவரோரம் இருக்கும் கூடுமிடத்துக்கு வந்து, அவரவர் பிரிவுப் பலகையின் கீழே வரிசையாக நிற்கவேண்டும். இதற்காக வருடக்கணக்கில் ஒத்திகை நடத்தியிருக்கிறேன். ஒத்திகையில் பாதிப் பேர் வரமாட்டார்கள். வருகிறவர்கள் டீ முடித்துவிட்டு வருவார்கள். அன்றோ, சங்கு ஊதிய மறுகணமே அத்தனை மஞ்சள் தலைகளும் ஒரே திசையில் திரும்பி, நெருக்கடியில்லாமல், தள்ளுமுள்ளு இல்லாமல், இருமிக்கொண்டே நடந்தன. எனக்கு மெய்சிலிர்த்தது. ஒரே ஒரு குறை. யாரும் எதையும் போட்டுவிட்டு வரவில்லை. எல்லோர் கையிலும் தட்டு.

கடைக்காரர்களும் வந்தார்கள். அக்கா லிட்டிக் கூடையை இடுப்பில் வைத்திருந்தார். கேன்டீன் பெண்கள் கொரியக் குண்டானை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி வந்தார்கள். மாஸ்டர் மட்டும் அடுப்பை அணைத்து, சிலிண்டரை மூடி, நிதானமாக வந்தார். அவர் தோளில் ஒரு தட்டு, அதில் கோபுரமாக அடுக்கிய தோசைகள்.

அடுத்த சிக்கல் யார் எங்கே நிற்பது. கிராமத்து மக்கள் பலகைகளைப் படித்தார்கள். 'உருக்கு' பலகையின் மேலே ஒரு வேப்பமரம் நிழல் தந்ததால் பெண்களும் குழந்தைகளும் உருக்குப் பிரிவில் சேர்ந்தார்கள். 'பராமரிப்பு' என்பதை முதியோர் பராமரிப்பு என்று எடுத்துக்கொண்ட பெரியவர் ஒருவர் அங்கே போய் உட்கார்ந்தார். அவரைப் பார்த்து மற்றப் பெரியவர்களும் உட்கார்ந்தார்கள். கொரியப் பொறியாளர் தன் ஊரில் கற்ற ஒழுங்குப்படி தனியே ஒரு வரிசை அமைத்து, அதில் தான் மட்டும் நின்றார்.

மேலாளர் ஓடிவந்தார். "என்னய்யா ஆச்சு? தீயா?"

"பாத்துட்டு வரேன் சார்" என்று ஷெட்டுக்குப் போனேன். தீ இல்லை. தும்மல் மட்டும் இருந்தது. ஆந்திரக் கடையில், என் மனைவி சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, பஜ்ஜிக்காரரோடு மிளகாய்ப் பொடியை இடித்துக்கொண்டிருந்தாள்.

"சங்கு ஊதுது, காதுல விழல?" என்று கத்தினேன்.

"இத அப்படியே வுட்டுட்டு வந்தா தீஞ்சிபூடும். ருசி பாரு."

பார்த்தேன். உண்மையிலேயே முன்னைவிட நன்றாக இருந்தது. அதை அந்த நேரத்தில் சொல்லமுடியுமா? இருவரையும் கூடுமிடத்துக்கு அனுப்பினேன். பொடியோடு போனார்கள்.

ஷெட்டிலிருந்து புகை முழுக்க வெளியேறும்வரை கருவி அடங்காது. அது அடங்கும்வரை யாரையும் திரும்ப விடக்கூடாது. ஆகவே திருவிழா முழுவதும் மேற்குச் சுவரோரம் மாட்டிக்கொண்டது. முதலில் அவரவர் தட்டை அவரவர் தின்றார்கள். தீர்ந்ததும் பக்கத்துத் தட்டைப் பார்த்தார்கள். சங்கு அலறலில் பேச முடியாததால் கைகளால் கேட்டுக்கொண்டார்கள். அரைத் தோசைக்கு ஒரு லிட்டி. ஒரு கைப்பிடி பொரிக்குக் கொரியாவில் இரண்டு. தோசையைச் சோக்காவில் தொட்டுத் தின்ற பீகார்க்காரர் ஒருவர் மாஸ்டரைக் கட்டிப்பிடித்தார். அம்மிணிக் கொழுக்கட்டைமேல் என் மனைவி மிளகாய்ப் பொடியைத் தூவினாள். தனி வரிசையில் நின்ற பொறியாளர் அதைத் தின்றுவிட்டு, கண்ணில் நீர் வழிய, இரண்டு கைகளாலும் அவளுக்கு வணக்கம் வைத்தார். அதன்பின் வரிசையை விட்டுவிட்டுப் 'பெயின்ட்' பிரிவில் சேர்ந்துகொண்டார்.

மேலாளர் வெறுங்கையோடு நின்றிருந்தார். அக்கா அவர் கையில் ஒரு லிட்டியை வைத்தார். அவர் தின்றார். ஏதோ சொன்னார், சங்கில் கேட்கவில்லை. அக்கா இன்னொன்று வைத்தார்.

சங்கு நின்றபோது எல்லோருக்கும் காது அடைத்திருந்தது. கடைகளுக்குத் திரும்பிப் போகலாம் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தேன். யாரும் அசையவில்லை. திரும்பிப் போய்ச் செய்ய அங்கே எதுவும் இல்லை. எல்லாம் இங்கேயே தீர்ந்திருந்தது.

திங்கட்கிழமை நான் சம்பவ அறிக்கை எழுதவேண்டியிருந்தது. 'காரணம்' என்ற இடத்தில் இரண்டு முறை எழுதி அடித்தேன். பிறகு, 'மிளகாய் வறுக்கும் முறை குறித்து வெளியாள் ஒருவர் வழங்கிய தொழில்நுட்ப ஆலோசனை' என்று எழுதினேன். தலைமை அலுவலகத்திலிருந்து, அந்த ஆலோசகரை இனி ஆலைக்குள் அனுமதிக்கவேண்டாம் என்று பதில் வந்தது. வீட்டில் படித்துக் காட்டினேன். "ஆலோசகர்னு போட்டிருக்காங்களா?" என்று கேட்டு, அந்த வரியை மட்டும் செல்போனில் படம் எடுத்துப் பள்ளிப்பட்டுக்கு அனுப்பிவைத்தாள்.

அடுத்த மாதம் வழக்கமான ஒத்திகை வந்தது. வெறும் சங்குதான்; புகை இல்லை, பண்டம் இல்லை. ஊதிய மறுநிமிடமே ஆலையில் இருந்த அத்தனை பேரும் கூடுமிடத்துக்கு வந்துவிட்டார்கள். நான் கண்டதிலேயே சிறந்த ஒத்திகை அதுதான். ஆனால் ஒவ்வொருவர் கையிலும் கேன்டீன் தட்டு இருந்தது. பலகைகளின் கீழே ஒழுங்காக நின்று என்னைப் பார்த்தார்கள். தீயணைப்பானைப் பயன்படுத்துவது எப்படி என்று விளக்கிவிட்டுப் பேச்சை முடித்தேன்.

கூட்டத்தின் பின்னாலிருந்து மாஸ்டரின் குரல் வந்தது. "அவ்ளோதானா சார்? நாஷ்டா?"

அன்று ஷிப்ட் முடிந்ததும் எல்லோரும் அக்கா மெஸ்ஸுக்குப் போனார்கள். நானும் போனேன். உட்கார இடமில்லாததால் சாலையோரம் நின்றே தின்றோம்.